நாற்று தப்பினால் போதும்: ஓடில்லா நத்தைக்கு நஞ்சில்லாத வழிகள்

ஓடில்லா நத்தையைத் தோட்டத்தை விட்டு முழுதாக விரட்ட முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் இரண்டு வருடம் நான் அதற்காகத்தான் மல்லுக்கட்டினேன். உப்பு, சாம்பல், முட்டை ஓடு, காப்பித்தூள் என்று யார் எதைச் சொன்னாலும் கொட்டிப் பார்த்தேன். நத்தை போகவில்லை, மண்தான் கெட்டது.

அப்புறம் மெல்ல ஒரு விஷயம் புரிந்தது. வெள்ளரிக் கொடி நான்கு அடி ஏறிவிட்டால், நத்தை இரண்டு இலையைத் தின்றாலும் கொடிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதே நத்தை, முளைத்து ஐந்து நாளான நாற்றில் வாய் வைத்தால் ஒரே ராத்திரியில் கதை முடிந்துவிடும். ஆகவே நாற்று இளசாக இருக்கும் மூன்று, நான்கு வாரத்தை எப்படியாவது கடத்திவிட வேண்டும். மற்றதைத் தேரையும் வண்டும் பார்த்துக்கொள்ளும். கீழே சொல்லும் வேலைகள் எல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

முதலில் ஆள் யார் என்று பாருங்கள்

இலையில் ஓட்டை விழுந்தாலே நத்தை என்று முடிவு கட்டிவிடுகிறோம். பல நேரம் அது கம்பளிப்புழுவாகவோ வெட்டுக்கிளியாகவோ இருக்கும். அவற்றுக்கு நத்தை வைத்தியம் செய்து பலனில்லை.

நத்தை தின்ற இலையில் ஓட்டைகள் கோணல்மாணலாக இருக்கும், நடு இலையிலும் விழும், ஓரத்திலும் விழும். புழு தின்றிருந்தால் இலைமேல் கடுகு போலக் கறுப்பு எச்சம் கிடக்கும். வெட்டுக்கிளி ஓரத்திலிருந்து கடித்துக்கொண்டே உள்ளே வரும். நாற்று தரையோடு அறுபட்டு, தலைப்பகுதி பக்கத்திலேயே வாடிக் கிடந்தால் வெட்டுப்புழுவைச் சந்தேகப்படுங்கள். அடியில் ஓர் அங்குலம் கிளறினால் சுருண்டு படுத்திருக்கும். நத்தையோ பெரும்பாலும் இலையைத் தின்றுவிட்டு மொட்டைத் தண்டை விட்டுவைக்கும். பக்கத்தில் காய்ந்த பசை போல வெள்ளிக் கோடு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். ஆனால் மழை பெய்திருந்தால் அந்தக் கோடு கரைந்துபோயிருக்கும்.

எல்லாவற்றையும் விட நம்பகமான வழி, டார்ச் எடுத்துக்கொண்டு போய் நேரில் பார்ப்பது. பொழுது சாய்ந்து இரண்டு மணி நேரம் கழித்துப் போங்கள், மழை பெய்து ஓய்ந்த ராத்திரி என்றால் இன்னும் நல்லது. எந்தப் பாத்தியில் எத்தனை என்று எண்ணி ஒரு தாளில் எழுதி வையுங்கள். இந்த எண்ணிக்கை பின்னால் மிகவும் உதவும். இரண்டு வாரம் கழித்து நாற்பது பன்னிரண்டாகக் குறைந்திருந்தால், நீங்கள் செய்தது பலித்திருக்கிறது என்று தெரியும். எண்ணாமல் விட்டால் மனம் போனபடி நம்பிக்கொண்டிருப்போம்.

சிலர் இதை அட்டை என்கிறார்கள். அட்டை ரத்தம் குடிப்பது, புழு இனம். இது நத்தைக்கு உறவு. ஓடு உள்ளுக்குள் சிறு தகடாகச் சுருங்கியோ முற்றிலும் மறைந்தோ போன நத்தை, அவ்வளவுதான்.

அதன் பிழைப்பு எப்படி

எதிராளியைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை குறையும். நத்தையின் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். மேலே ஓடு இல்லாததால் வெயிலிலும் காற்றிலும் சீக்கிரம் உலர்ந்துபோகும். நகர்வதற்கே அது வழவழப்பான பசையைச் சுரந்தாக வேண்டும், அதற்கும் தண்ணீர் வேண்டும். அதனால்தான் ராத்திரியிலும், மழை மூட்டமான பகலிலும், ஈரத் தரையிலும் மட்டும் வெளியே வருகிறது. பகலில் கல்லுக்கடியில், தொட்டிக்கடியில், மண் வெடிப்பில், அடர்ந்த களைக்குள் ஒடுங்கிக் கிடக்கும். ஆக, அதைக் கட்டுப்படுத்துவதில் பெரும்பங்கு ஈரத்தைக் கட்டுப்படுத்துவதுதான்.

வாயில் அரம் போன்ற ஒரு நாக்கு இருக்கிறது. அதில் ஆயிரக்கணக்கான நுண்பற்கள். கடிப்பதில்லை, ராவித் தின்கிறது. ஒவ்வொரு நத்தைக்குள்ளும் ஆண், பெண் இரண்டு உறுப்பும் உண்டு. ஆகவே வளர்ந்த நத்தை எதுவானாலும் முட்டையிடும். மண்ணுக்குள் ஓர் இரண்டு அங்குல ஆழத்தில், ஊறவைத்த ஜவ்வரிசி போலக் கண்ணாடி உருண்டைகள் குவியலாக இருந்தால் அது நத்தை முட்டை. ஒரு குவியலில் பத்திலிருந்து ஐம்பது வரை பார்க்கலாம். கதகதப்பான ஈர மண்ணில் சில வாரத்தில் பொரிந்துவிடும், குளிரில் மாதக்கணக்கில் காத்திருக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. நத்தை இனங்களில் பலவும் நம் பயிரைச் சீண்டுவதே இல்லை. உதிர்ந்த இலை, அழுகிய காய், காளான், விலங்கு எச்சம் இவற்றைத் தின்று மண்ணுக்கே திருப்பிக் கொடுக்கின்றன. உடம்பில் சிறுத்தைப் புள்ளி போட்ட பெரிய நத்தை ஒன்று உண்டு, அது மற்ற நத்தைகளையே தின்னும். பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் 2022-இல், இனி நத்தைகளைப் பயிர்ப்பகை என்ற பட்டியலில் வைக்கப்போவதில்லை என்று அறிவித்தது. தோட்டக்காரர்களிடமிருந்து அதிகப் புகார் பெற்ற பிராணியைப் பற்றி அவர்களே அப்படிச் சொன்னது எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது பெரிய நத்தைகளைக் கண்டால் நானும் விட்டுவிடுகிறேன். நாற்றுக்கு எமன் பெரும்பாலும் விரல் நகம் அளவுள்ள சாம்பல் நிறக் குட்டிகள்தான்.

தண்ணீர் ஊற்றும் நேரத்தை மாற்றுங்கள்

காசும் உழைப்பும் இல்லாமல் செய்யக்கூடிய ஒரே வேலை இது. பலனும் இதில்தான் அதிகம். மாலையில் ஊற்றினால் ராத்திரி முழுவதும் மேல்மண் நசநசவென்று இருக்கும். நாமே நத்தைக்குப் பாதை போட்டுக் கொடுத்த மாதிரி. விடிந்ததும் ஊற்றுங்கள். இருட்டுவதற்குள் மேல்மண் உலர்ந்துவிடும், வேர் இருக்கும் ஆழத்தில் ஈரம் நிற்கும். பாத்தி முழுவதும் தெளிக்காமல் செடியின் தூரில் மட்டும் ஊற்றுங்கள். சொட்டுநீர்க் குழாய் இருந்தால் ரொம்ப நல்லது. இருக்கும் பூவாளியாலும் இது முடியும், கொஞ்சம் குனிய வேண்டும், அவ்வளவுதான்.

விதைப்பதற்கு முன் பாத்தியைக் கொத்தி, கட்டிகளை உடைத்து மட்டமாக்குங்கள். பெரிய மண்கட்டிக்கு இடையே உள்ள சந்துதான் குட்டி நத்தையின் பகல் வீடு. கொத்தும்போது முட்டைக் குவியல் மேலே வரும். வெயில் உலர்த்தும், பறவையும் கொத்தும். ஒரே நாளில் தோட்டம் முழுவதையும் புரட்டிவிடாதீர்கள், இந்த முறை விதைக்கப்போகும் பாத்தியை மட்டும் கொத்துங்கள். ஏன் என்பது வண்டைப் பற்றிப் பேசும்போது வரும்.

மூடாக்கு விஷயத்தில் எனக்கே இரண்டு மனம். வைக்கோலும் சருகும் மண்ணின் ஈரத்தைக் காக்கும், நல்ல பூச்சிகளுக்கும் இடம் கொடுக்கும். ஆனால் அதே மூடாக்கு நத்தைக்கு மெத்தை. நான் இப்போது செய்வது இதுதான்: நாற்று ஒரு சாண் உயரம் வரும்வரை அந்தப் பாத்தியில் மூடாக்கு போடுவதில்லை. அதன்பிறகு போடும்போதும் தண்டைச் சுற்றி ஒரு கையகலம் வெறும் மண்ணாக விடுகிறேன்.

நாற்றைப் பெரிதாக்கி நடுங்கள்

நத்தை அதிகமுள்ள இடத்தில் கீரைக்கோசு (லெட்டூஸ்), முட்டைக்கோஸ், வெள்ளரி, பூசணி, பீன்ஸ் போன்றவற்றை நேரடியாக மண்ணில் விதைப்பது சூதாட்டம். குழித்தட்டிலோ சிறு தொட்டியிலோ வளர்த்து, முளைக்கும்போது வரும் விதையிலைகளைச் சேர்க்காமல் நான்கைந்து உண்மையான இலை விட்ட பிறகு நடுங்கள். தண்டு கொஞ்சம் முற்றியிருந்தால் நத்தைக்கு அவ்வளவு பிடிக்காது, கடித்தாலும் செடி மீண்டுவிடும். நேரடியாக விதைத்தே ஆக வேண்டிய பயிர் என்றால் தேவைக்கு இரண்டு மடங்கு விதையுங்கள்.

குழித்தட்டைத் தரையில் வைக்காதீர்கள். ஒரு மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்தி, அதன்மேல் வையுங்கள். எறும்புக்குச் செய்யும் அதே தந்திரம். கிண்ணத்துத் தண்ணீரில் கொசு வரும், அதனால் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். மேசை சுவரை ஒட்டியிருந்தாலோ, பக்கத்துச் செடியின் கிளை தட்டில் பட்டாலோ எல்லாம் வீண். அப்புறம் தட்டை மேசையில் ஏற்றும் முன் அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒருமுறை நான் நத்தையையும் சேர்த்தே மேலே ஏற்றி, மூன்று நாள் அதற்கு விருந்து வைத்தேன்.

நட்ட பிறகு முதல் இரண்டு வாரத்துக்குப் பிளாஸ்டிக் பாட்டில் கூடு கைகொடுக்கும். பெரிய பாட்டிலின் அடியை வெட்டி எடுத்துவிட்டு, நாற்றின் மேல் கவிழ்த்து, விளிம்பை இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண்ணுக்குள் அழுத்துங்கள். மூடியைக் கழற்றிவிட்டு வாயில் துணித்துண்டு கட்டுங்கள், காற்று போக வேண்டும். வெயில் கடுமையாக இருந்தால் பகலில் எடுத்துவிட்டு, இருட்டும் முன் திரும்ப வையுங்கள். இல்லாவிட்டால் நாற்று உள்ளேயே வெந்துவிடும். கவிழ்க்கும் முன் உள்ளே இருக்கும் மண்ணை ஒருமுறை விரலால் கிளறிப் பார்ப்பது நல்லது.

வெங்காயம், பூண்டு, ரோஸ்மேரி போன்ற வாசம் தூக்கலான செடிகளை நத்தை அதிகம் தேடி வருவதில்லை. பாத்தியில் நத்தை பெருகிக் கிடக்கும் பருவத்தில் அங்கே வெங்காயம் போட்டுவிட்டு, கீரைக்கோசை வேறு பாத்திக்குத் தள்ளுவதும் ஒரு வழிதான்.

பொறியும் பொறுக்குதலும்

இப்போது ஏற்கனவே இருக்கும் நத்தைகள். நாற்று நடுவதற்கு ஒரு வாரம் முன்பே இந்த வேலையைத் தொடங்கினால், நடும்போது பாதிக் கூட்டம் குறைந்திருக்கும்.

எளிய பொறி பலகைதான். ஓர் அடிக்கு ஓர் அடி மரப்பலகை, இல்லையென்றால் நனைத்த அட்டைப்பெட்டித் துண்டு, கோணிச் சாக்கு, எதுவும் ஆகும். ஓரத்தில் இரண்டு கூழாங்கல் வைத்து ஒரு விரல் இடைவெளி இருக்கும்படி மண்மேல் போடுங்கள். உள்ளே வெள்ளரித் தோலோ, பழம் தின்ற பின் கவிழ்த்த ஆரஞ்சுத் தோலோ வைத்தால் இன்னும் வேகமாகக் கூடும். வெயில் ஏறும் முன் தூக்கிப் பார்த்தால் அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். தினமும் பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்ட பலகை நாம் கட்டிக் கொடுத்த சத்திரம்.

பீர் பொறி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நத்தையை இழுப்பது சாராயத்தை விட அந்தப் புளித்த வாசம்தான். அதனால் பீர் தேவையில்லை. இரண்டு கரண்டி மாவு, ஒரு சிட்டிகை சர்க்கரை, அரைக் கரண்டி ஈஸ்ட், ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் கலந்து ஒரு மணி நேரம் பொங்கவிட்டால் அதே வேலையைச் செய்யும். அகலமான டப்பாவில் பாதி அளவு ஊற்றி மண்ணில் புதையுங்கள். டப்பாவின் விளிம்பு மண்ணுக்கு மேலே இரண்டு சென்டிமீட்டர் நிற்க வேண்டும். தரையோடு மட்டமாகப் புதைத்தால் நமக்கு உதவி செய்யும் தரைவண்டுகளும் உள்ளே விழுந்து செத்துப்போகும். நத்தை ஏறி இறங்கிவிடும், வண்டு ஏறாது. மழைத்தண்ணீர் விழாமல் மேலே ஒரு ஓட்டுத்துண்டு, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புதுக் கரைசல். நாற்றுக்கு ஒட்டி வைக்காமல் குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். வாசத்துக்கு வருகிறவன் வழியில் நாற்றைக் கண்டால் சும்மா போகமாட்டான். உண்மையைச் சொன்னால், விழுந்து சாவதை விடக் குடித்துவிட்டு ஏறிப் போகும் நத்தைகளும் நிறைய. என் ஓட்டு பலகைக்குத்தான்.

கவர்ச்சிச் செடியும் ஒரு பொறிதான். செண்டுமல்லி பூச்சியை விரட்டும் என்று பலரும் பாத்தியோரம் நடுகிறார்கள். நத்தைக்கு அந்தச் செடி அல்வா மாதிரி. அது தெரிந்தே, பாத்திக்குக் கொஞ்சம் தள்ளி நான்கு செண்டுமல்லி நாற்றையோ மீந்துபோன கீரைக்கோசு நாற்றையோ பலியாக நடுங்கள். ராத்திரி அங்கே போய்ப் பொறுக்கினால் போதும், தோட்டம் முழுக்கத் தேட வேண்டியதில்லை.

ராத்திரி டார்ச்சோடு போய்க் கையால் பொறுக்குவதற்கு ஈடாக எதுவும் இல்லை. நாற்று நட்ட முதல் வாரம் தினமும், அடுத்த இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், கால் மணி நேரம் போதும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பழைய இடுக்கி ஒன்றால் எடுங்கள். பசை கையில் ஒட்டினால் தண்ணீரில் போகாது. உலரவிட்டுத் தேய்த்தால் உருண்டு வந்துவிடும், அதன்பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பிடித்ததை என்ன செய்வது? பக்கத்துப் பாத்தியில் விட்டால் திரும்பி வந்துவிடும். ஒதுங்கிய இடத்தை நினைவில் வைத்துத் திரும்பும் பழக்கம் நத்தைகளுக்கு உண்டு. இருபது மீட்டருக்கு மேல் தள்ளி, இலைச்சருகு கிடக்கும் மரத்தடியில் விடுங்கள். அடுத்தவர் தோட்டத்து வேலிக்கு மேலே எறிவது நியாயமும் இல்லை, பலனும் இல்லை. கொன்றுதான் ஆக வேண்டுமென்றால் ஒரே மிதியில் முடித்துவிடுங்கள். உப்பில் போட்டால் அது நீர் இழந்து நெடுநேரம் துடிக்கும், அந்த உப்பு மண்ணில் இறங்கினால் செடிக்கும் மண்புழுவுக்கும் கேடு.

கூலி கேட்காத ஆட்கள்

பொறுக்குவது இந்தப் பருவத்துக்கு. அடுத்தடுத்த பருவத்துக்கு ஆள் வேண்டும். நத்தையைத் தின்னும் பிராணிகள் எல்லாத் தோட்டத்துக்கும் தாமாக வரப் பார்க்கின்றன. நாம்தான் சுத்தம் என்ற பெயரில் துரத்திக்கொண்டிருக்கிறோம்.

தேரையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கூப்பிட்டால் சீக்கிரம் வருவது அதுதான். பகலில் ஒடுங்க ஈரமான இருட்டு இடம், அருகில் ஆழமில்லாத தண்ணீர், இரண்டும் இருந்தால் போதும். விளிம்பு உடைந்த மண்சட்டி ஒன்றை நிழலில் கவிழ்த்து, உடைந்த பக்கத்தை வாசலாக விடுங்கள். அடியில் வெறும் மண் இருக்கட்டும். பக்கத்தில் அகலத் தட்டில் தண்ணீர் வைத்து, ஏறி இறங்க ஒரு கல்லைப் போடுங்கள். இடம் இருந்தால் சிறு குட்டை வெட்டலாம். அதன் ஒரு கரையாவது சரிவாக இருக்க வேண்டும், செங்குத்தான தொட்டியில் விழுந்த பிராணி ஏற முடியாமல் மூழ்கிவிடும். குட்டையில் தும்பியின் இளம்புழுக்கள் குடியேறினால் கொசுப்புழுவைத் தின்னும். மீன் விட்டால் தலைப்பிரட்டைகளையும் சேர்த்துத் தின்றுவிடும் என்பதை மறக்க வேண்டாம். தட்டுத் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டி மாற்றினால் கொசுத் தொல்லை இல்லை. தேரையும் தவளையும் தோல் வழியாகவே தண்ணீரை உறிஞ்சுகின்றன. அந்தத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்தால் அதையும் சேர்த்து உறிஞ்சும். இரண்டும் ஒரே தோட்டத்தில் சரிப்படாது.

அடுத்தது தரைவண்டு. கல்லைப் புரட்டும்போது பளபளக்கும் கறுப்பு உடம்பும் நீண்ட கால்களுமாக விருட்டென்று ஓடுமே, அதுதான். பறப்பதை விட ஓடுவதில்தான் கெட்டிக்காரன். நத்தை முட்டை, குட்டி நத்தை இரண்டும் அதற்கு இரை. நாற்றுக்கு எமன் குட்டி நத்தைதான் என்று சொன்னேன் அல்லவா, தேரை கண்டுகொள்ளாத அந்த அளவை வண்டு பார்த்துக்கொள்கிறது. அதன் இளம்புழு மண்ணுக்குள்ளேயே வளர்கிறது, தோட்டம் முழுவதையும் ஒரே சமயத்தில் புரட்டிப் போட்டால் வண்டுக் குடும்பமும் போய்விடும். அதனால்தான் பாத்தி பாத்தியாகக் கொத்தச் சொன்னேன். பாத்திகளுக்கு நடுவே ஒரு முழ அகலத்துக்குப் புல்லை வெட்டாமல் விட்டு, அதில் இரண்டு மரத்துண்டு போட்டு வையுங்கள். வண்டு பகலில் அங்கே இருந்துவிட்டு ராத்திரி பாத்திக்குள் இறங்கும். நத்தையும் அங்கே ஒளியும்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஒளிவது வேட்டைக்காரன் வீட்டில்.

மின்மினிப்பூச்சியைப் பலரும் இந்தப் பட்டியலில் எதிர்பார்க்கமாட்டார்கள். வெளிச்சம் போட்டுப் பறக்கும் பூச்சி சாது. அதன் புழுப்பருவம் அப்படி இல்லை. தரையில் நத்தையின் தடம் பிடித்துப் போய், கடித்து விஷம் ஏற்றி மரக்கச்செய்து, கரைத்து உறிஞ்சும். தட்டையான, கண்டம் கண்டமான கருத்த புழு, வால் பக்கம் மங்கலாக ஒளிர்ந்தால் நசுக்கிவிடாதீர்கள். மின்மினிகள் இணை சேர்வது வெளிச்சச் சமிக்ஞையால். ராத்திரி முழுக்கத் தோட்டத்தில் மின்விளக்கு எரிந்தால் அந்தப் பேச்சு நடக்காது, அடுத்த தலைமுறை வராது. தோட்ட விளக்கை அணைப்பதும் நத்தைக் கட்டுப்பாட்டில் சேர்த்திதான்.

பூரான், அரணை, மூஞ்சூறு, முள்ளெலி, செம்போத்து என்று பட்டியல் இன்னும் நீளும். உங்கள் பக்கம் எது உண்டோ அதற்கு இடைஞ்சல் செய்யாமல் இருந்தால் போதும். மூஞ்சூறை எலி என்று நினைத்து அடித்துவிடுகிறோம். அது பூச்சி, புழு, நத்தை தின்கிற வேறு இனம், உங்கள் பயிருக்கு ஆசைப்படாது. தரையில் தளர்வாகக் கிடக்கும் வலையில் பாம்பும் ஓணானும் முள்ளெலியும் சிக்கிச் சாகின்றன. வலை போடுவதாக இருந்தால் இழுத்துக் கட்டுங்கள். கல் குவியலும் மரக் குவியலும் பாம்புக்கும் பிடிக்கும், அதனால் அவற்றை வீட்டுச் சுவரிலிருந்தும் குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்தும் தள்ளி அமையுங்கள்.

வாத்து நத்தையை விரும்பித் தின்னும். உங்களிடம் இருந்தால் நடவுக்கு முன் காலியான பாத்தியில் இரண்டு மூன்று நாள் மேயவிடுங்கள். நட்ட பிறகு விட்டால் நத்தை விட்டுவைத்ததை அது முடித்துவிடும். கோழி இன்னும் மோசம், கிளறியே நாற்றை வேரோடு பிடுங்கும்.

இவையெல்லாம் ஒரு வாரத்தில் நடக்கிற காரியம் கிடையாது. இடம் அமைத்துக் கொடுத்தபின் ஒன்றிரண்டு பருவம் ஆகலாம். அதுவரை டார்ச்சும் பலகையும் நம் பாடு.

நூற்புழு

நத்தைக்கென்றே ஒரு நுண்ணிய நூற்புழு உண்டு. ஃபாஸ்மராப்டிடிஸ் என்பது அதன் பேரினப் பெயர். 1994 முதல் பிரிட்டனில் விற்பனையில் இருக்கிறது. பொடியாக வரும், தண்ணீரில் கலக்கி ஈர மண்ணில் ஊற்ற வேண்டும். மண்ணுக்குள் நத்தையைத் தேடிப் போய் உடம்புக்குள் நுழையும், சில நாளில் நத்தை தின்பதை நிறுத்திவிட்டு மண்ணுக்குள்ளேயே சாகும். ஒருமுறை ஊற்றினால் சுமார் ஆறு வாரம் பலன் இருக்கும், அதாவது நாற்றுப் பருவத்துக்குச் சரியாக இருக்கும். மனிதருக்கோ வீட்டுப் பிராணிக்கோ தேரைக்கோ கெடுதல் இல்லை.

மண்ணின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும், அதே சமயம் சூடான மண்ணில் அது தாக்குப்பிடிக்காது. மாலையில் ஊற்றி, இரண்டு வாரம் மண்ணை ஈரமாக வைத்திருக்க வேண்டும். காலையில் தண்ணீர் ஊற்றும் விதிக்கு இது மட்டும் விலக்கு. எல்லா நாட்டிலும் இதற்கு அனுமதி இல்லை. உங்கள் நாட்டில் முறையாக விற்கிறார்களா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

காசையும் நேரத்தையும் தின்பவை

செம்புப் பட்டை, முட்டை ஓடு, சரளை, மரப்பட்டை, கம்பளி உருண்டை. இந்த ஐந்தையும் முன்பு சொன்ன அதே ராயல் தோட்டக்கலைச் சங்கம் 108 கீரைக்கோசுச் செடிகளில் சோதித்துப் பார்த்து 2018-இல் முடிவைச் சொன்னது: எதுவும் போடாத செடியைவிட இவை சுற்றிய செடியில் சேதம் குறையவில்லை. நத்தை தன் பசையின் மேலேயே ஊர்வதால் கத்தி முனையில்கூடக் காயமில்லாமல் போகும், நொறுக்கிய முட்டை ஓடு எம்மாத்திரம்? சாம்பல் உலர்ந்திருக்கும்வரை கொஞ்சம் தடுக்கும், ஒரு பனிக்கு மேல் தாங்காது. மேலும் மேலும் கொட்டினால் மண்ணின் காரத்தன்மை ஏறும்.

காப்பித்தூளுக்கு ஒரு கதை உண்டு. 2002-இல் ஹவாயில் நடந்த ஆய்வில் ஒன்று, இரண்டு சதவீதக் கஃபீன் கரைசல் நத்தைகளைக் கொன்றது. அங்கிருந்துதான் இந்த நம்பிக்கை பரவியது. நாம் குடிக்கும் காப்பியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, வடிகட்டிய சக்கையில் இருப்பது மிச்சம் மீதி. சக்கையை மட்கு உரத்தில் போடுங்கள், அங்கே பயன்படும்.

நத்தை மருந்துக் குருணை என்று விற்பவற்றில் மெட்டால்டிஹைட் உள்ளதைத் தொடவே தொடாதீர்கள். அதைத் தின்ற நாய் வலிப்பு வந்து சாகும், பறவைக்கும் முள்ளெலிக்கும் அதே கதி. பிரிட்டனில் 2022 ஏப்ரலிலிருந்து அதை வெளியில் பயன்படுத்தத் தடை. இரும்பு பாஸ்பேட் குருணை அவ்வளவு கொடியது இல்லை, இயற்கை வேளாண்மையிலும் பல நாடுகளில் அனுமதி உண்டு. ஆனாலும் சில தயாரிப்புகளில் சேர்க்கும் துணைப்பொருள் மண்புழுவைப் பாதிக்கிறது. எல்லா முயற்சியும் தோற்றால், நாற்று வாரங்களில் மட்டும், ஒரு கையகலத்துக்கு ஒரு குருணை என்று தூவலாம். குவியலாகப் போடக் கூடாது.

கையும் கீரையும்

இதை அவசரமாகப் படித்துவிட்டுத் தாண்டிவிடாதீர்கள். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் இளம்பருவம் நத்தைக்குள் வளர்கிறது. எலி எச்சத்தை நத்தை தின்பதால் இது நடக்கிறது. அந்த நத்தையைத் தவறுதலாகப் பச்சையாக விழுங்க நேர்ந்தால் மனிதருக்கு மூளை உறை அழற்சி வரலாம். கீரை மடிப்புக்குள் ஒளிந்த குட்டி நத்தை கண்ணுக்கே தெரியாது. எனவே நத்தையை வெறும் கையால் தொடாதீர்கள், தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பச்சையாகத் தின்னும் இலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஓடும் தண்ணீரில் இருபக்கமும் தேய்த்துக் கழுவுங்கள். நத்தை ராவிய பகுதியை வெட்டி எறியுங்கள். சமைத்தால் பயமில்லை. சிறு பிள்ளைகள் நத்தையைக் கையில் எடுத்து விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாரக் கணக்கு

நடவுக்கு ஒரு வாரம் முன்பு பாத்தியைக் கொத்தி மட்டமாக்குங்கள், பலகைகளைப் போடுங்கள், ஒரு ராத்திரி டார்ச்சோடு போய் எண்ணி எழுதுங்கள், அன்றிலிருந்து தண்ணீரைக் காலைக்கு மாற்றுங்கள். பத்துச் சதுர மீட்டருக்கு மூன்று நான்கு பலகை போதும். தினமும் காலையில் தூக்கிப் பார்த்துப் பொறுக்கி, நாற்பது ஐம்பது வந்த இடத்தில் பத்துக்குள் இறங்கிய பிறகு நடுங்கள். எண்ணிக்கை இறங்காவிட்டால் நடவை நான்கு நாள் தள்ளிப்போடுங்கள். நாற்று தட்டில் இன்னும் நான்கு நாள் நிற்பதால் ஒன்றும் குடிமுழுகிப்போகாது.

நட்ட அன்றே பாட்டில் கூடு, பலிச் செடி, ராத்திரிப் பொறுக்கல். இரண்டாம் வாரக் கடைசியில் இலை பாட்டிலில் முட்டத் தொடங்கும், கூட்டை எடுத்துவிடுங்கள். அன்று ராத்திரியும் மறுநாள் ராத்திரியும் மறக்காமல் போய்ப் பாருங்கள், ஏனென்றால் நான் அதிகம் நாற்று இழந்தது கூட்டை எடுத்த அந்த இரண்டு ராத்திரியில்தான். இடையில் நல்ல மழை பெய்தால் கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள். மழைக்கு அடுத்த இரண்டு மூன்று ராத்திரி நத்தை எங்கிருந்து வந்தது என்றே தெரியாத அளவுக்கு வரும்.

நான்காம் வாரம் தாண்டிச் செடி தன் காலில் நின்றதும் பொறுக்குவதை நிறுத்திவிடலாம். பலகைகளை எடுக்கும்போது மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து எடுங்கள். ஏதாவது ஒன்றின் அடியில் தேரை குடியேறியிருந்தால், சத்தம் போடாமல் மூடி வைத்துவிட்டு அடுத்த பாத்திக்கு வேறு பலகை தேடிக்கொள்ளுங்கள்.